ஆயில் குடித்த செம்மண்: பாக்டீரியாப் பொடி வாங்கலாமா, வேண்டாமா?

கண்டனூர்க்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். கண்டனூருக்கும் புதுவயலுக்கும் நடுவில், சாலையோரமாக எங்கள் பங்குக்கு வந்த இடம் ஒன்று இருக்கிறது. எண்பதுகளில் அப்பச்சி அதை ஒரு லாரிப் பட்டறைக்கு வாடகைக்கு விட்டார்கள். போன வருஷம்தான் காலி செய்து கொடுத்தார்கள். இடத்தில் முக்கால்வாசிக்குக் குறையில்லை. ஆனால் பிட் (வண்டிக்கு அடியில் இறங்கி வேலை பார்க்கிற குழி) இருந்த பக்கம் சுமார் இரண்டு சென்ட், மண் தார் மாதிரி கறுத்துக் கிடக்கிறது. வெயில் ஏறினால் டீசல் வாடை. தண்ணீர் ஊற்றினால் உள்ளே இறங்குவதில்லை, முத்து முத்தாக உருண்டு ஓரத்துக்கு ஓடுகிறது. எருக்கு கூட முளைக்கவில்லை.

அந்த இடத்தில் நாலு மாங்கன்று, கொஞ்சம் காய்கறி போட ஆசை. பக்கத்திலேயே கிணறு, சாலைக்கு அந்தப் பக்கம் ஊருணி.

ஒருவர் வந்து "ஆயில் தின்னும் பாக்டீரியா" என்று பொடி விற்கிறார். கிலோ பாக்கெட், தண்ணீரில் கரைத்துத் தெளித்தால் பதினைந்து நாளில் மண் பழையபடி ஆகிவிடுமாம். விலை கேட்டால் மாங்கன்றே வேண்டாம் என்று தோன்றுகிறது. இது உண்மையா, இல்லை முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதினாலு ஸ்பேனர்:

அண்ணே, நான் காரைக்குடியில் பட்டறை வைத்திருப்பவன். மண்ணை ஜேசிபி வைத்து அள்ளிக் கண்மாய்க் கரையில் கொட்டிவிட்டு, மேலே இரண்டு லோடு கிராவல் அடித்து மூடுங்கள். அரை நாள் வேலை. இதற்கெல்லாம் பாக்டீரியா எதற்கு?

தேவகோட்டை ரஸ்தா:

கண்மாய்க் கரையில் கொட்டினால் அந்த ஆயில் ஐப்பசி மழையில் எங்கே போகும் ஸ்பேனர்? எங்கள் வயலுக்குத்தானே. நல்ல யோசனை சொன்னீர்கள் போங்கள்.

செம்பறை:

காரைக்குடியில் நுண்ணுயிரியல் படித்து, இப்போது அதையே சொல்லிக்கொடுக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆயில் தின்னும் பாக்டீரியா இருப்பது உண்மை. அது உங்கள் மண்ணிலேயே இருப்பதும் உண்மை. நாற்பது வருஷமாக ஆயில் விழுந்த இடத்தில் அது இல்லாமல் இருந்தால்தான் அதிசயம். சூடோமோனாஸ், அசினெட்டோபாக்டர், ரோடோகாக்கஸ், மைக்கோபாக்டீரியம் என்று பெரிய கூட்டமே உண்டு. சுத்தமான மண்ணில் மொத்த பாக்டீரியாவில் இவை ஒரு சதவீதத்துக்கும் கீழே ஒதுங்கிக் கிடக்கும். ஆயில் விழ விழ மற்றவை குறைந்து இவை பெருகும்.

பிறகு ஏன் இன்னும் தின்று தீர்க்கவில்லை என்று கேட்பீர்கள். ஆயில் என்பது பெரும்பாலும் கரியும் (கார்பன்) ஹைட்ரஜனும்தான். வயிறு நிறையச் சோறு இருக்கிறது, மூச்சு விடக் காற்றில்லை, தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை என்ற நிலைதான் அங்கே. முதல் தேவை ஆக்சிஜன். டீசலோ என்ஜின் ஆயிலோ நீளமான கரிச் சங்கிலிகள். பாக்டீரியா முதல் வேலையாகச் சங்கிலியின் நுனியில் இருக்கிற கரியில் ஆக்சிஜனைக் கோத்துவிடும். அதற்கென்றே ஆல்கேன் ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி வைத்திருக்கிறது. அப்படிக் கோத்ததும் அது ஆல்கஹால் ஆகிறது, பிறகு ஆல்டிஹைடு, பிறகு கொழுப்பு அமிலம். கொழுப்பு அமிலம் ஆகிவிட்டால் கதை முடிந்தது. இரண்டிரண்டு கரியாக வெட்டிச் செரித்து, கடைசியில் கரியமில வாயுவும் தண்ணீருமாக வெளியே விட்டுவிடும். முதல் படி நடக்கக் காற்று வேண்டும். காற்றில்லாத இடத்திலும் நைட்ரேட், சல்பேட்டை வைத்துக்கொண்டு தின்கிற வகைகள் உண்டு, ஆனால் அவை ஆமை வேகம்.

ஒரு கிலோ ஆயிலை முழுக்கச் செரிக்க மூன்று கிலோவுக்கு மேல் ஆக்சிஜன் தேவை. ஒரு கன மீட்டர் காற்றில் இருக்கும் ஆக்சிஜன் கால் கிலோவைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஆக, கிலோவுக்குப் பத்துப் பன்னிரண்டு கன மீட்டர் காற்று. லாரி ஏறி இறங்கி இறுகிய மண்ணுக்குள் அந்தக் காற்று எப்படிப் போகும்? ஸ்பேனர் தம்பி சொன்ன மாதிரி மேலே கிராவல் அடித்து மூடினால் இருக்கிற கொஞ்சக் காற்றும் போயிற்று. ஆயில் அப்படியே பேரன் காலம்வரை இருக்கும்.

இரண்டாவது, தழைச்சத்தும் மணிச்சத்தும். பாக்டீரியா உடம்பு கட்ட நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும். ஆயிலில் அது கிடையாது. கரி 100 பங்குக்கு நைட்ரஜன் 10, பாஸ்பரஸ் 1 என்று ஒரு பொதுக்கணக்கு வைத்திருக்கிறார்கள். மூன்றாவது ஈரம். உங்கள் மண் தண்ணீரையே உள்ளே விடவில்லை என்கிறீர்கள். அங்கேதான் எல்லாம் நின்றுபோயிருக்கிறது.

பொடிக்குக் கொடுக்கிற பணத்தை மண்வெட்டிக்கும் ஆளுக்கும் யூரியா, சூப்பர் பாஸ்பேட் உரத்துக்கும் கொடுங்கள் என்பதுதான் என் பதில்.

உமிமூட்டை:

புதுவயலில் மில் வைத்திருக்கிறோம். செம்பறை அக்கா சொல்கிற காற்றுக்கு உமி கலந்தால் சரிவருமா? மண் பொலபொலவென்று ஆகுமே. மில்லில் உமி கிடக்கிறது.

செம்பறை:

பச்சை உமி அருமையான சரக்கு. சீக்கிரம் மக்காது, மண்ணுக்குள் சந்து உண்டாக்கிக் காற்றை விடும். தேங்காய் நார்க்கழிவு கொஞ்சம் சேர்த்தால் ஈரத்தையும் பிடித்துவைக்கும். மில்லில் கிடைக்கிற உமிச் சாம்பலை மட்டும் அள்ளிப் போட்டுவிடாதீர்கள். கொஞ்சமாக இருந்தால் பரவாயில்லை, அதிகமானால் காரம் ஏறிவிடும்.

சிராங்கூன் ரோடு:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன், சொந்த ஊர் பள்ளத்தூர். ஆயில் தின்னும் பாக்டீரியாவை நம் இந்தியர் ஒருவர்தான் கண்டுபிடித்து அமெரிக்காவில் பேட்டன்ட் வாங்கினார் என்று பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகம். அப்படியானால் அது கடையில் கிடைக்காதா? பொடியை ஒரேயடியாக ஏமாற்று என்று சொல்லிவிடலாமா?

செம்பறை:

நீங்கள் சொல்வது ஆனந்த மோகன் சக்கரவர்த்தி. வங்காளத்துக்காரர், ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் வேலை பார்த்தார். வெவ்வேறு ஹைட்ரோகார்பனைச் செரிக்கும் மரபுத் துணுக்குகள் வெவ்வேறு சூடோமோனாஸ் வகைகளில் இருந்தன. எல்லாவற்றையும் ஒரே செல்லுக்குள் கொண்டுவந்து சேர்த்தார். உயிருள்ள ஒன்றுக்குக் காப்புரிமை கொடுக்கலாமா என்று வழக்கு அமெரிக்க உச்சநீதிமன்றம்வரை போய், 1980 ஜூன் 16ஆம் தேதி ஐந்துக்கு நான்கு என்று அவர் பக்கம் தீர்ப்பானது. உயிரித் தொழில்நுட்பக் கம்பெனிகள் அத்தனையும் கும்பிட வேண்டிய தீர்ப்பு. ஆனால் அந்தப் பாக்டீரியாவைத் திறந்த கடலில் எண்ணெய்க் கசிவுக்கு யாரும் ஊற்றவில்லை. மரபு மாற்றிய உயிரை வெளியே விட யார் அனுமதிப்பார்கள்?

உண்மையில் கடற்கரையில் கைகொடுத்தது வேறு. 1989 மார்ச் 24ஆம் தேதி அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் பாறையில் மோதி எண்ணெய் கொட்டியது. அந்தக் கரைகளில் உரம்தான் தெளித்தார்கள். எண்ணெயோடு ஒட்டிக்கொள்ளும் நைட்ரஜன், பாஸ்பரஸ் உரம். அங்கேயே இருந்த பாக்டீரியா அதைத் தின்றுவிட்டு எண்ணெயை வேகமாக முடித்தது. அடுத்த வருஷம் கடைச் சரக்கு பாக்டீரியாக்களையும் அதே கரையில் சோதித்துப் பார்த்தார்கள். கூடுதல் பலன் என்று எடுத்துச் சொல்ல ஒன்றும் இல்லை.

அதற்காகப் பொடி எல்லாமே மோசடி என்றும் சொல்ல மாட்டேன். டெல்லியில் இருக்கிற டெரி என்ற எரிசக்தி ஆராய்ச்சி நிறுவனம் ஆயில்ஜாப்பர் என்று ஒன்றை உருவாக்கியிருக்கிறது. பல பாக்டீரியாக்களின் கூட்டு, மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிர்ச் சக்கையை அரைத்து அதில் ஏற்றிக் கொடுப்பார்கள். சுத்திகரிப்பு ஆலைகளில் குட்டை குட்டையாகக் கிடக்கிற எண்ணெய்ச் சகதிக்கு அதைப் பயன்படுத்துகிறார்கள். அங்கே மண்ணே இல்லை, வெறும் சகதி. உள்ளூர்ப் பாக்டீரியா போதாது. அவர்களும் பொடியைத் தூவிவிட்டு வீட்டுக்குப் போவதில்லை, உழுது தண்ணீர் தெளித்து மாதக்கணக்கில் பார்த்துக்கொள்கிறார்கள். பதினைந்து நாள் என்று சொல்கிற ஆள்தான் சந்தேகத்துக்குரியவர்.

எண்ணூர் மணல்:

குறுக்கே வந்ததற்கு மன்னிக்கவும். 2017 ஜனவரி 28ஆம் தேதி எங்கள் எண்ணூரில் இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியது ஞாபகம் இருக்கிறதா? மனுஷர்கள் வாளியில் அள்ளினார்கள். அள்ளிய சகதியை அப்புறம் பாக்டீரியா முறையில்தான் சுத்தம் செய்தார்கள். ஆனால் அதற்கு முன்னால் வாளிதான். அள்ள முடிந்ததை அள்ளாமல் பாக்டீரியா வந்து பார்த்துக்கொள்ளும் என்று உட்கார முடியாது. கண்டனூர்க்காரரே, பிட்டுக்கு அடியில் திரவமாக ஆயில் நின்றால் முதலில் அதை டிரம்மில் எடுங்கள்.

பதினாலு ஸ்பேனர்:

கிராவல் விஷயத்தில் எல்லோரும் என்னைப் பிடித்துக்கொண்டீர்கள், சரி. நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ரொம்ப நாள் ஓடாமல் நின்ற வண்டியின் டீசல் டேங்கைக் கழற்றினால் அடியில் வழவழவென்று சளி மாதிரி ஒன்று படிந்திருக்கும். பழுப்பு நிறம், விரலால் தொட்டால் நூல் மாதிரி இழுபடும், கெட்ட வாடை. பில்டரை அடைத்துவிடும், டேங்க் உள்ளே புள்ளி புள்ளியாக அரித்திருக்கும். எங்கள் முதலாளி "டீசல் புளித்துப்போச்சு" என்பார். இதுவும் உங்கள் பாக்டீரியாதானா?

செம்பறை:

அதேதான் தம்பி, நல்ல கேள்வி. டேங்க் அடியில் கொஞ்சம் தண்ணீர் சேரும். டீசலும் தண்ணீரும் தொடுகிற அந்த மெல்லிய எல்லையில்தான் அவை குடியிருக்கும். தண்ணீர் இல்லாமல் எந்தப் பாக்டீரியாவும் வளராது, சோறு டீசலிலிருந்து. கூடவே ஒரு பூஞ்சையும் சேரும். விமான எரிபொருள் டேங்கில் அது பண்ணிய அட்டகாசம் பெரிய கதை.

இதில் நம் ஊருக்கே ஒரு பெருமை உண்டு. காரைக்குடியில் இருக்கிற நம் சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்), பெட்ரோலியப் பொருள் கொண்டுபோகும் குழாய்களில் டீசலைத் தின்கிற பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்து, அவை குழாய் இரும்பை எப்படி அரிக்கின்றன என்று ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள். செராஷியா, பேசில்லஸ் வகைகள். துருவை எதிர்க்கப் போடுகிற மருந்தையே சில தின்றுவிடுகின்றனவாம். அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்சமும் கொடுத்து 1953இல் திறந்த நிறுவனம் அது. குழாய்க்காரருக்குப் பகை, நமக்கு நட்பு. பாக்டீரியாவுக்கு இரண்டும் சாப்பாடு.

தேவகோட்டை ரஸ்தா:

யூரியா எல்லாம் எதற்கு? ஜீவாமிர்தம் ஊற்றுங்கள். நாட்டு மாட்டுச் சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு. கோடிக்கணக்கில் நுண்ணுயிர். நான் வயலில் வேறெதுவும் போடுவதில்லை.

செம்பறை:

ரஸ்தா அண்ணே, உங்கள் வயலுக்கு அது சரி. இங்கே ஒரு சிக்கல். வெல்லம் இருக்கும்போது பாக்டீரியா ஆயிலைத் திரும்பிப் பார்க்காது. சுலபமான சாப்பாடு தீர்ந்த பிறகுதான் கஷ்டமானதற்கான நொதியையே உண்டாக்கும். அதோடு வெல்லத்தைத் தின்கிற வேகத்தில் மண்ணில் இருக்கிற ஆக்சிஜனையும் முடித்துவிடும். நமக்கு இழுபறியாக இருப்பதே ஆக்சிஜன்தான்.

வெல்லத்தை விட்டுவிட்டு மக்கிய சாணம் போட்டால் நானே ஆதரிப்பேன். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் பக்கத்துச் செம்மண்ணில் இரும்பு ஏராளம். பாஸ்பேட் போட்டால் இரும்பு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பாக்டீரியாவுக்குக் கிடைக்காது. மக்கிய எருவோடு பிசைந்து போட்டால் அந்தப் பிடி கொஞ்சம் தளரும். சூப்பர் பாஸ்பேட்டைத் தனியாகத் தூவாமல் எருவில் கலந்து இரண்டு வாரம் வைத்துப் போடுவதுதான் நம் மண்ணுக்கு.

தேவகோட்டை ரஸ்தா:

ஆக, சாணம் சரி, வெல்லம் வேண்டாம். பாதி ஜெயித்தேன்.

கண்டனூர்க்காரன்:

ஆச்சி, கணக்கைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல முடியுமா? எவ்வளவு யூரியா, எவ்வளவு பாஸ்பேட்? சோப்புத் தூள் போட்டு அலசினால் சீக்கிரம் ஆகாதா என்றும் ஒருவர் கேட்கிறார்.

செம்பறை:

சோப்புத் தூள் வேண்டவே வேண்டாம். ஆயிலைக் கரைத்து நேரே கிணற்றுக்கு அனுப்பிவைக்கும். சூடோமோனாஸ் தானே ஒரு சோப்பு தயாரிக்கும், ராம்னோலிப்பிட் என்று பெயர். அதை வைத்து ஆயிலைச் சின்னச் சின்னத் துளியாக உடைத்துத் தின்னும். ரோடோகாக்கஸுக்கு உடம்பே மெழுகுப் பூச்சு, அது நேராக ஆயில் துளியில் போய் ஒட்டிக்கொள்ளும். அவர்கள் வேலையை அவர்கள் பார்ப்பார்கள்.

கணக்கு இப்படி. இரண்டு சென்ட் இடம், ஒரு அடி ஆழம் என்றால் ஏறக்குறைய 25 கன மீட்டர், 37 டன் மண். ஒரு டன் மண்ணில் ஒரு சதவீதம் ஆயில் என்று வையுங்கள், அதாவது 10 கிலோ ஆயில். அதில் கரி எட்டரைக் கிலோ. 100:10:1 கணக்குக்கு நைட்ரஜன் 850 கிராம், பாஸ்பரஸ் 85 கிராம். யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன், ஆகவே டன்னுக்கு யூரியா ஒன்றே முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதல். சூப்பர் பாஸ்பேட்டில் பாஸ்பரஸ் 7 சதவீதம், ஆகவே சுமார் 1.2 கிலோ. இது உச்ச அளவு. இதை ஒரே தடவையில் கொட்டினால் உப்பும் அம்மோனியாவும் சேர்ந்து பாக்டீரியாவையே கொன்றுவிடும். நாலைந்து தவணையாகப் பிரித்து, ஒவ்வொரு முறை கொத்தும்போதும் கொஞ்சம். உங்கள் மண்ணில் எத்தனை சதவீதம் ஆயில் என்று தெரியாமல் நான் மேலே எதுவும் சொல்ல மாட்டேன்.

எப்படிச் செய்வது என்றால், கறுத்த மண்ணை வெட்டியெடுத்து, தடித்த தார்பாய் விரித்த இடத்தில் ஒரு அடிக்கு மேல் போகாமல் பரப்புங்கள். சுற்றிலும் வரப்பு. உமி, மக்கிய எரு கலந்து, வாரம் ஒருமுறை கொத்திப் புரட்டுங்கள். ஈரம் பார்க்க ஒரு பிடி அள்ளி இறுக்குங்கள். உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் கசியக் கூடாது. சித்திரை வெயிலில் மேல்மண் கொதிக்கும், தென்னங்கீற்றை மேலே போட்டு நிழல் கொடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தார்பாய் போட்டு மூடியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஊருணிக்குப் போய்விடும்.

டீசல் பகுதி சில மாதத்தில் குறையும். நேரான சங்கிலிகள் முதலில் போகும், கிளைச் சங்கிலிகள் அடுத்து. வளையம் வளையமாக ஒட்டிய அரோமேட்டிக் வகைகள் இழுக்கும். தார் மாதிரி கடைசியில் நிற்கிற கசடு கிட்டத்தட்ட போகவே போகாது. ஆனால் அது தண்ணீரிலும் கரையாது, பெரிய தொல்லை இல்லை. ஐந்து சதவீதத்துக்கு மேல் ஆயில் இருந்தால் இந்த முறை திணறும். அப்படியிருந்தால் நல்ல மண்ணைக் கலந்து நீர்க்க வைக்க வேண்டியிருக்கும்.

உமிமூட்டை:

எங்கள் ஊருணியில் கோடையில் வானவில் மாதிரி படலம் மிதக்கும். பட்டறை ஆயில்தான் என்று பஞ்சாயத்தில் பெரிய சண்டை. பட்டறைக்காரர்கள் நாங்கள் இல்லை என்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

செம்பறை:

ஒரு குச்சி போதும். படலத்தைக் குச்சியால் கீறுங்கள். ஓடு உடைந்த மாதிரி மூலை மூலையாகத் துண்டாகி, துண்டுகள் தனித்தனியே நின்றால் அது ஆயில் இல்லை, இரும்புப் பாக்டீரியா போட்ட படலம். கீறியவுடன் சுழன்று மறுபடி ஒட்டிக்கொண்டால் ஆயில். நம் செம்பறைக் கல் பூமியில் ஊற்றுத் தண்ணீரில் இரும்பு கரைந்து வருவதால் முதல் வகை சர்வ சாதாரணம். பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் பஞ்சு மாதிரி சேறும் படிந்திருக்கும். வாடையும் பாருங்கள். பஞ்சாயத்துக்குக் குச்சியோடு போங்கள்.

உமிமூட்டை:

பார்த்தேன். ஓடு மாதிரிதான் உடைகிறது, ஒரு மூலையைத் தவிர. அந்த மூலையில் ஒட்டிக்கொள்கிறது. சண்டையில் இரண்டு பக்கமும் பாதி நியாயம் போலிருக்கிறது.

சிராங்கூன் ரோடு:

ஆயில் போய்விட்டால் காய்கறி போடலாமா? அதுதானே மூலக் கேள்வி. யாரும் அதைத் தொடவே இல்லை.

செம்பறை:

தொடாமல் விட்டதற்குக் காரணம், அதுதான் கசப்பான பகுதி. பாக்டீரியா கரியைத் தின்னும். உலோகத்தைத் தின்ன முடியாது. ஓடிய என்ஜின் ஆயிலில் துத்தநாகம் இருக்கும், தேய்மானத்தைக் குறைக்கச் சேர்க்கிற மருந்தில் அது உண்டு. தேய்ந்த பேரிங்குகளிலிருந்து செம்பும் ஈயமும் வரும். இந்தியா முழுக்க ஈயம் கலந்த பெட்ரோலை 2000 பிப்ரவரி 1இல்தான் நிறுத்தினார்கள். உங்கள் பட்டறை எண்பதுகளில் ஆரம்பித்தது என்கிறீர்கள். லாரியோடு காரும் பார்த்திருந்தால் அந்தக் காலத்து ஈயம் அங்கேயே இருக்கும். பேட்டரி வேலை செய்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

அதனால் ஆயிலுக்கு மட்டும் சோதிக்காமல் ஈயத்துக்கும் சோதியுங்கள். வேளாண் துறையின் மண் பரிசோதனையில் ஆயிலும் ஈயமும் வராது, அவர்கள் தழை, மணி, சாம்பல், கார அமிலம், நுண்ணூட்டம் பார்ப்பார்கள். என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்குத் தரச் சான்று கொடுக்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் உள்ள சுற்றுச்சூழல் ஆய்வகத்தில் மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன், ஈயம், துத்தநாகம் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். மண்ணைப் பாலிதீன் பையில் கொடுக்காதீர்கள், மூடி இறுகிய கண்ணாடிப் புட்டியில் நிறைய அடைத்து, ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்புங்கள்.

பதினாலு ஸ்பேனர்:

பேட்டரி வேலை எல்லாப் பட்டறையிலும் நடக்கும் அக்கா. பழைய பேட்டரியைக் கவிழ்த்து ஆசிட்டைக் கொட்டுவது ஒரு மூலையில்தான் இருக்கும், சுவரோரமாக. அண்ணே, அந்த இடத்துச் சிமெண்ட் பொரிந்து போயிருக்கும் பாருங்கள், அதுதான் அடையாளம். அங்கே தனியாக மண் எடுங்கள்.

எங்கள் கடையில் வேஸ்ட் ஆயிலை இப்போது டிரம்மில்தான் பிடிக்கிறோம். சென்ட்ரிங் பலகைக்குத் தடவக் கேட்டு வருகிறார்கள், கரையானுக்கு உத்தரத்தில் பூசக் கேட்டு வருகிறார்கள். கொடுக்கக் கூடாது என்று தெரியும். கேட்டால் மனசு கேட்கமாட்டேன் என்கிறது.

செம்பறை:

கொடுக்காதீர்கள் தம்பி. 2016 விதிகளின்படி அது அபாயக் கழிவு. அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பு ஆளிடம்தான் போக வேண்டும். செட்டிநாட்டு வீட்டின் பர்மாத் தேக்கில் அதைப் பூசுகிறவர்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. வீட்டுக்குள் உட்கார்ந்து அந்த வாடையை யார் மூச்சில் இழுப்பது?

மட்டுறுத்துநர்:

பொடி விற்பவரின் கைபேசி எண்ணோடு வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். விளம்பரம் வேண்டாம்.

கண்டனூர்க்காரன்:

ரிப்போர்ட் வந்துவிட்டது. கறுத்த மண்ணில் ஆயில் ஆச்சி சொன்ன ஐந்து சதவீதத்துக்குள் இருக்கிறது. ஈயம், பிட் பக்கம் பெரிதாக இல்லை. ஆனால் ஸ்பேனர் சொன்ன மூலையில் தூக்கலாக இருக்கிறது, சிமெண்ட்டும் பொரிந்துதான் கிடந்தது. கிணற்றுத் தண்ணீரையும் கொடுத்திருந்தேன், அதில் ஆயில் இல்லை.

பிட்டுக்குள் கால் டிரம் அளவுக்குத் திரவ ஆயில் நின்றது, எடுத்தாயிற்று. கறுத்த மண்ணை வெட்டித் தார்பாயில் பரப்பியிருக்கிறோம். உமி கலந்த பிறகு முதல் தடவையாகத் தண்ணீர் உருளாமல் உள்ளே இறங்கியது. வாடை இன்னும் இருக்கிறது. கொத்துகிற ஆள் மூக்கில் துண்டு கட்டிக்கொண்டுதான் வேலை செய்கிறார்.

பேட்டரி மூலை மண்ணை என்ன செய்வது? அதையும் இதோடு கலந்துவிடலாமா?

செம்பறை:

கலக்கவே கூடாது. கலந்தால் இரண்டு சென்ட் மண்ணிலும் ஈயம் பரவும், ஆயில் போன பிறகும் நிற்கும். அந்த மூலை மண்ணைத் தனியாக மூட்டை கட்டி, மழை படாமல் வையுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, அபாயக் கழிவு எடுக்கிற இடத்துக்கு அனுப்ப வழி கேளுங்கள்.

மற்ற மண்ணில் சில மாதம் கழித்துச் சின்னச் சோதனை செய்யலாம். ஒரு தொட்டியில் அந்த மண், இன்னொன்றில் நல்ல மண், இரண்டிலும் கம்பும் பச்சைப்பயறும் விதையுங்கள். இரண்டும் ஒரே மாதிரி முளைத்து வேர் விட்டால் ஆயிலின் கடுமை போய்விட்டது என்று கொள்ளலாம். ஈயத்தை இது காட்டிக்கொடுக்காது, ஈயம் இருக்கிற மண்ணிலும் கீரை பச்சைப்பசேலென்று வரும். அதனால் அந்த மூலைப் பக்கம் கீரையும் கிழங்கும் என்றைக்கும் வேண்டாம். மா வைக்கலாம். காய்கறி போடுவதானால் ஆய்வகத்தில் மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு.

தேவகோட்டை ரஸ்தா:

கொத்துகிற ஆளுக்குத் துண்டு போதாது, கையுறை வாங்கிக் கொடுங்கள் கண்டனூர். என்ஜின் ஆயில் தோலில் ஊறினால் ஆகாது. மாட்டுச் சாணம் வேண்டுமானால் ஒரு டிராக்டர் லோடு என் கணக்கில், மக்கியது, வெல்லம் சேராதது.

உமிமூட்டை:

உமி இன்னும் வேண்டுமென்றால் வியாழக்கிழமை வண்டி அனுப்புங்கள். மில் அன்றைக்கு லீவு, ஏற்றிவிட ஆள் சும்மா இருப்பான். பஞ்சாயத்தில் குச்சி காட்டியாயிற்று. அந்த ஒரு மூலைக்கு மட்டும் பட்டறைக்காரர்கள் வாய்க்காலைத் திருப்பிவிட ஒத்துக்கொண்டார்கள், செலவு யாருடையது என்பதில் இன்னும் பேச்சு நடக்கிறது.